பலாப்பழம் யாருக்குப் போனது?

பண்ருட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கு ஆய்வுக்கு வந்தார் கல்வி அதிகாரி தணிகாசலம். எட்டாம் வகுப்பில் அன்று தொடங்கவிருந்த சிறுகதையில் முதல் பக்கத்தையும், கடைசியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த மையக்கருத்தையும் மட்டும் படித்தார். முகம் சுளித்தார்.

"மையக்கருத்து ஒற்றுமை. அதுக்கு எதுக்கும்மா ரெண்டு வீட்டுச் சண்டை? சண்டையை எடுத்துட்டு இப்பவே நடத்துங்க. ஒரு பிள்ளை கொட்டாவி விட்டாலும் நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்" என்றார், தற்காலிக ஆசிரியை சுகிர்தாவிடம்.

சுகிர்தா புத்தகத்தை மூடினார்.

"வேலியோரம் அஞ்சலை வீட்டுப் பலாமரம். நன்றாகப் பழுத்த பழம் ஒன்று வேலி தாண்டிச் செல்லக்கிளி வீட்டு வாசலில் விழுந்தது. சத்தம் கேட்டு இருவரும் ஓடி வந்தார்கள். கதை முடிந்தது."

யாரும் கொட்டாவி விடவில்லை. தணிகாசலம் கையிலிருந்த டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"முடிஞ்சுதா? பழம் யாருக்குப் போச்சு?"

"அது சண்டையில இருக்கு சார். நீங்கதான் எடுக்கச் சொல்லிட்டீங்க."

வகுப்பே சிரித்தது. 'பாடம் உள்ளபடியே நடக்கட்டும், ஆசிரியை தொடரட்டும்' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. வெளியே ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. அவரோ கடைசி பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சண்டையோட சொல்லுங்கம்மா."