மீசை மேய்ந்த பசு

கல்லாத்துக்கோட்டையை ஆண்ட கோதண்டராசாவுக்கு ஒரே ஒரு குறைதான். பெயர் நெஞ்சில் தங்காது. முகம் மறக்கமாட்டார், ஆனால் பெயர் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குப் போவதற்குள் கரைந்துபோகும்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம். விஜயதசமியன்று பாளையக்காரர்கள் எல்லாரும் கொலுமண்டபத்துக்கு வருவார்கள். ராசா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துத் தன் கையால் வெற்றிலை கொடுப்பார். வாங்கிக்கொண்டால் அந்த வருஷம் உறவு. தட்டில் திருப்பி வைத்தால் பகை.

ராசாவுக்குப் பின்னால் மந்திரி நின்று பெயர்களைக் காதில் ஓதுவார். அதனால் ராசாவுக்கு ஒரு கும்பிடு, மந்திரிக்கு இரண்டு கும்பிடு என்று ஆகிவிட்டது. மந்திரிக்கும் ஒரு பெயர் இருந்தது. அதற்கு அப்புறம் வருவோம்.

அந்த வருஷம் மேலப்பாளையத்து ஆவுடையப்பர் ஆள்விட்டுச் சொன்னார்: "என் பெயரை ராசா தானாகச் சொல்லட்டும். மந்திரி ஓதினால் வெற்றிலை வாங்கமாட்டேன்."

ஆற்றின் மேல்மடை அவர் கையில். அவர் மடையை அடைத்தால் கோட்டை வயல் பூராவும் காய்ந்துவிடும்.

ராசா அரண்மனை விகடர் திருமேனியைக் கூப்பிட்டார். "விகடா, பெயர் நிற்க ஏதாவது வழி சொல். வல்லாரை தின்று தின்று நாக்குப் பச்சையாகிவிட்டது."

"வல்லாரை வேண்டாம் மகாராஜா, கொஞ்சம் சிரித்தால் போதும். ஆவுடையப்பர் முகத்தில் முதலில் என்ன தெரியும்?"

"மீசை. வைக்கோல்போர் மாதிரி."

"ஆ என்றால் பசு. அந்த வைக்கோலை ஒரு பசு நின்று மேய்கிறது. கண்ணை மூடிப் பாருங்கள்."

ராசா மூடினார். வயிறு குலுங்கியது. "வாலை வேறு ஆட்டுகிறதே."

"ஆட்டட்டும். இப்போது பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். படுக்கப்போகும்போது ஒரு தரம், விடிந்ததும் ஒரு தரம். அப்புறம் மறக்கச் சொன்னாலும் மறக்காது."

அப்படியே சங்கிலி வீரப்பர் கழுத்தில் கிணற்றுச் சங்கிலி ஏறியது, வாளியோடு. பூவணநாதர் காதில் ஒரு மல்லிகைத் தோட்டம் பூத்தது. ராசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மந்திரியிடமே போய் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தார்.

விஜயதசமி வந்தது. மந்திரி குனிவதற்குள் ராசா, "வாரும் ஆவுடையப்பரே" என்றார். மண்டபமே அசந்துபோனது. வீரப்பர், பூவணநாதர் என்று வரிசையாகப் பெயர்கள் விழுந்தன. அன்றைக்கு மந்திரியை ஒருவரும் கும்பிடவில்லை.

மந்திரி பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. நகர்ந்து போய் ஆவுடையப்பர் காதில் என்னவோ ஓதினார்.

ஆவுடையப்பர் எழுந்தார். வெற்றிலையைத் தட்டுக்கு நேராக நீட்டினார். "என் மீசையில் மாடு மேய்கிறதாமே?"

ராசாவுக்கு வேர்த்துவிட்டது. "விகடா, நீ கட்டிய மாடு. நீயே அவிழ்த்துவிடு. வெற்றிலை தட்டுக்கு வந்தால் உன்னை அந்த மடையில் கட்டிப்போடுவேன்."

திருமேனி கைகூப்பினார். "மாடு மேய்வது மெய்தான் ஐயா. அதனால்தான் உங்கள் பெயர் அவர் நெஞ்சில் நின்றது. மாடு கிடைக்காதவர் கதியைப் பார்த்துவிட்டு வெற்றிலையை வையுங்கள். மகாராஜா, நம் மந்திரியின் பெயர் என்ன?"

மந்திரி தன் பழைய இடத்தில் போய் நிமிர்ந்து நின்றார். "எனக்கு ஆடும் வேண்டாம், மாடும் வேண்டாம். பட்டம் கட்டிய நாள் முதல் பக்கத்திலேயே நிற்கிறேன். சொல்லுங்கள் மகாராஜா."

ராசா வாயைத் திறந்தார். "மந்திரி..."

"அது உத்தியோகம் மகாராஜா" என்றார் திருமேனி.

ராசா கூரையைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷம், காதை மெல்லப் பின்னால் சாய்த்தார். மந்திரிக்கும் அதே பழக்கதோஷம். குனிந்து ஓதினார்.

"மயிலேறும்பெருமாள்" என்றார் ராசா, பெருமையாக.

மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தவர் ஆவுடையப்பர். அந்த வைக்கோல்போர் சரிந்துவிடுமோ என்று பயப்படும்படி சிரித்தார். "மாடு மேயட்டும், நமக்கு வைக்கோலுக்கா பஞ்சம்" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். ராசா தன் சால்வையை எடுத்துத் திருமேனிக்குப் போர்த்தினார்.

சாயங்காலம் மந்திரி திருமேனியைத் தனியாகப் பிடித்தார். "ஓய், எனக்கும் ஒன்று வைத்துக்கொடுமேன். கொஞ்சம் கௌரவமாக."

"அதற்கென்ன ஐயா. உங்கள் பெயரிலேயே வாகனம் நிற்கிறது" என்றார் திருமேனி.

மறுநாள் மந்திரி சபைக்குள் காலை வைத்ததுமே, "வாரும் மயிலேறும்பெருமாளே" என்று ராசாவே அழைத்தார். மந்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே நின்றார்.

ராசா அவர் இடுப்புக்குக் கீழே ஒரு பார்வை பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

"பார்த்து இறங்கும். தோகை மிதிபடுகிறது."