லைக்கோன் எடுத்த விடுமுறை

"நாளையிலிருந்து நான் பாடத்துக்கு வரமாட்டேன்" என்றான் லைக்கோன்.

மற்ற மாணவர்கள் போய்விட்டார்கள். முற்றத்தில் மெலிட்டா மட்டும் இருந்தாள். அந்தக் கிரேக்கத் தீவில் நற்குணம் என்றால் என்ன என்று கேட்டு வருகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள். அவளுக்கும் லைக்கோனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"ஏன்?"

"நான் போலி, அம்மா."

உட்காரும்படி கை காட்டினாள். அவன் உட்காரவில்லை.

"நேற்றுச் சந்தையில் ஒருவர் தன் மகனிடம் என்னைக் காட்டுகிறார். 'படுத்துவிட்ட தகப்பனை இந்த மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார், பார்' என்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது."

அவன் தந்தை கிராட்டோன் ஒரு காலத்தில் கப்பல் தலைவர். கையை ஓங்காமல் பேசத் தெரியாதவர். தாய் செத்த அன்று அழுததற்காக லைக்கோனை அடித்தவர். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து அவருடைய இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

"குளிப்பாட்டுகிறேன். ஊட்டுகிறேன். எல்லாம் செய்கிறேன். ஆனால் மனசில் ஒன்றும் இல்லை. நல்லவன் நல்லதை மகிழ்ச்சியோடு செய்வான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நான் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறேன். இது எப்படி நற்குணம் ஆகும்?"

மெலிட்டா எழுந்து அவன் அருகே வந்தாள்.

"நாளைக்குத் துறைமுகத்தில் படகுப் பந்தயம். போய்ப் பாரேன்."

"அவரை யார் பார்த்துக்கொள்வது?"

"நான்."

"உங்களுக்கு எதற்கு அந்தச் சிரமம்?"

"போய்விட்டு வா, லைக்கோன். உனக்கும் களைப்பாக இருக்கிறது."

அப்படி யாரும் அவனிடம் சொன்னதில்லை. சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவள் வந்தபோது பார்லிக் கஞ்சி தயாராக இருந்தது. கிண்ணத்தை அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான்.

துறைமுகத்தில் நல்ல கூட்டம். யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கடற்காற்று முகத்தில் அடித்தது. படகுகள் வரிசைகட்டி நின்றன. வெகுநாளைக்குப் பிறகு அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது.

பக்கத்தில் ஒருவன் வறுத்த மீனைத் தின்றுகொண்டே கத்தினான். புரையேறியது. கண்ணில் நீர் வர இருமினான்.

லைக்கோன் எழுந்துவிட்டான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஓடினான். செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டு ஓடினான்.

வாசலில் வந்து நின்றபோது பேச மூச்சு வரவில்லை.

மெலிட்டா கட்டிலருகே கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். கிராட்டோன் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம் கொடுக்காதீர்கள்… அந்தப் பக்கம் விழுங்க வராது… புரையேறிவிடும். தலையை வலது பக்கம் சாய்க்க வேண்டும். சொல்ல மறந்துவிட்டேன்."

"பந்தயம் முடிந்துவிட்டதா?"

"தொடங்கவே இல்லை."

அவள் எழுந்து இடம் விட்டாள். கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள்.

லைக்கோன் உட்கார்ந்தான். கிழவரின் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்து மெல்லச் சாய்த்தான். கரண்டியை ஊதினான். தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்தான்.

கிராட்டோன் வாயைத் திறந்தார்.

விழுங்கும்வரை லைக்கோன் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். கஞ்சி இறங்கியதும் அவனும் மூச்சு விட்டான்.

மெலிட்டா வாசலில் நின்று செருப்பை மாட்டினாள்.

"நான் வரட்டுமா, லைக்கோன்?"

அவன் திரும்பவில்லை.

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "இன்னும் ஒரு வாய், அப்பா."