ஒரே மூச்சில் ஏழு பேர்

போன வருஷம் ஆடிய ஆட்டமெல்லாம் தோற்ற கபடி அணியைக் கலைத்துவிட்டு, இளவட்டங்களாகப் பார்த்துப் புதிதாகச் சேர்த்தார் ஜவுளிக்கடை முதலாளி பொன்னுலிங்கம். அவரிடம் போய் இடம் கேட்டார் நாற்பது வயது அய்யாத்துரை. ஒரு காலத்தில் அவர் பாடிப் போனால் கூட்டமே எழுந்து நிற்கும்.

"கிழட்டுக் குதிரைக்குப் புல்லு போட நான் ஆளில்ல வே! ஒரே மூச்சுல என் பயலுவ ஏழு பேரையும் தொட்டுட்டு வாரும், சேத்துக்கிடுதேன்."

அய்யாத்துரை ஓடவில்லை. பழையபடி தொடையைத் தட்டி, "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டே நிதானமாகக் கோட்டைத் தாண்டினார். எதிரே நின்ற பையன்கள் சின்னப்பிள்ளையில் வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்த அதே தட்டு! அவர்களுக்கு ஆட்டமே மறந்துபோனது. ஒருத்தன் காலில் விழுந்தான். பின்னாலேயே மற்றவர்களும் விழுந்தார்கள். பாட்டை விடாமல் ஒவ்வொரு தலையாகத் தொட்டு ஆசீர்வதித்துவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினார்.

"ஏழு பேரும் அவுட்டு மொதலாளி."

"இதெல்லாம் ஒரு ஆட்டமா? வெளியூர்க்காரன் உம்ம கால்ல விழுவானா வே?"

"விழமாட்டான். ஆனா நாளைக்கு நான் வெளியூர் அணியில சேந்து, இங்க வந்து தொடையைத் தட்டினா என்ன செய்வீய?"

பொன்னுலிங்கம் தன் கையாலேயே அணியின் பனியனை எடுத்து நீட்டினார்.