எதுவும் மாறாத திருத்தம்

கணினிக்குள் லினக்ஸ் என்று ஒன்று ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதற்குள் எடுபிடி வேலை செய்கிற குட்டி நிரல்கள் ஆயிரம் உண்டு. அதில் ஒன்றின் பெயர் ‘நாழிகை’. அரை மணிக்கு ஒரு தடவை இதைச் செய் என்று சொல்லிவிட்டால், அரை மணிக்கு ஒரு தடவை அதைச் செய்யும். வேறொன்றும் தெரியாது, பாவம்.

அதை எழுதிய புண்ணியவான் பத்து வருஷம் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கல்யாணம் ஆகிவிட்டது. “இனிமேல் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அறிவித்தார். சம்பளமில்லாத வேலை என்றதும் புத்தியுள்ளவர்கள் எல்லாம் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்கள். மூன்று பேர் மட்டும் கையைத் தூக்கினார்கள். நம் கதை அந்த மூன்று பேரைப் பற்றியது.

இராசிபுரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அவர்களுடைய அறை. மூத்தவர் மகுடபதி, தலைவர். அடுத்தவன் சென்னியப்பன், எதற்கும் சந்தேகம் கேட்பவன். மூன்றாமவன் தெய்வசிகாமணி, சொன்னதைச் செய்பவன், அது எதுவானாலும். புண்ணியவான் ஒரு தாளில் விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். பொட்டு மூன்றாம் விதியின் மேல் விழுந்ததால் அதை இன்றுவரை ஒருவரும் படித்ததில்லை.

ஒரு நாள் காலையில் பரமத்திப் பக்கமிருந்து வசந்தாமணி என்ற பெண்மணியின் கடிதம் வந்தது. கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவள். விவரமானவள்.

“என் பொரிப்பானில் நாலாயிரம் முட்டை இருக்குதுங்க. பதினெட்டு நாள் வரைக்கும் அரை மணிக்கு ஒரு தடவை முட்டையைச் சாய்ச்சு வைக்கணும். இல்லாட்டி உள்ள இருக்கிற குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும். உங்க நாழிகைதான் மோட்டாரை ஓட்டுது. இருநூத்தம்பத்தஞ்சு தடவை ஓட்டிட்டு நின்னுபோயிடுதுங்க. போன தடவை பாதிக்குப் பாதி செத்துப்போச்சு. இப்ப ஆறாம் நாள். மறுபடியும் நின்னுபோச்சு. நானும் வீட்டுக்காரரும் மாத்தி மாத்திக் கைப்பிடியைச் சாய்ச்சுக்கிட்டு இருக்கோம். இதுவும் போச்சுன்னா பண்ணையை மூட வேண்டியதுதான். கம்பெனிக்காரன் கணினிப் பெட்டியைப் பூட்டி வெச்சிருக்கான், என்னால தொட முடியாது. நீங்க புதுப் பதிப்பு விட்டா அது தானா இறக்கிக்கும்.”

முதல் விதி: முறையிடுகிறவருக்கு உடனே நன்றி சொல். நன்றி சொன்னார்கள். அவள் “பரவாயில்லைங்க, சீக்கிரம் பாருங்க” என்றாள். அதற்கும் நன்றி சொன்னார்கள். “நன்றி இருக்கட்டுங்க, முட்டையைப் பாருங்க” என்றாள். அதற்கும் சொன்னார்கள். மதியம் வரை பதினேழு நன்றி ஆனது. கடைசியில் அவள் பதில் போடுவதையே நிறுத்தித் தப்பித்தாள்.

இரண்டாம் விதி: பிழையை உன் இடத்தில் வரவழைத்துப் பார்க்காமல் நிரலில் கை வைக்காதே.

“அப்ப முட்டை வேணும்” என்றார் மகுடபதி.

ஒரு தட்டு முட்டை வந்தது. மோட்டார் இல்லை. மூவரும் தெய்வசிகாமணியைப் பார்த்தார்கள். தெய்வசிகாமணியும் தன்னைத்தானே குனிந்து பார்த்துக்கொண்டான். முடிவாகிவிட்டது.

“அரை மணிக்கு ஒரு தடவைன்னா இருநூத்தம்பத்தஞ்சுக்கு அஞ்சு நாளைக்கு மேல ஆகுமே அண்ணா” என்றான் சென்னியப்பன். “நொடிக்கு ஒரு தடவைன்னு வெச்சா நாலு நிமிஷத்துல முடிஞ்சுடும்.”

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மாடியில் அதுவரை பேசப்பட்டதிலேயே புத்தியான பேச்சு அதுதான். கணினி நொடிக்கு ஒரு தடவை ‘டிங்’ என்றது. ஒவ்வொரு டிங்குக்கும் தெய்வசிகாமணி தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தான். இருபதாவது டிங்கில் சுவரெல்லாம் மஞ்சள். எண்பத்தாறாவது டிங்கில் தட்டைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் சாய்ந்து மூச்சு வாங்கினான்.

“நின்னுபோச்சு!” என்று மகுடபதி துள்ளினார். “பிழை வந்துடுச்சு!”

“எண்பத்தாறுலயே வந்துடுச்சே அண்ணா?”

“நம்ம ஆள் அவங்க மோட்டாரைவிட வேகம்டா.”

உடனே வசந்தாமணிக்கு எழுதினார்கள்: “காரணம் கிடைத்துவிட்டது. உங்கள் மோட்டாருக்கு மூச்சு வாங்குகிறதா? சோடா கொடுத்துப் பார்த்தீர்களா? எங்களுடையது சோடா குடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டது.”

அவள் இதைப் படித்துவிட்டு என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. வீட்டுக்காரரிடம் கைப்பிடியைக் கொடுத்துவிட்டு, தானே நாழிகையின் நிரலைத் திறந்து படித்தாள். திறந்த வீடுதானே, யாரும் படிக்கலாம். ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தும்விட்டாள். எத்தனை தடவை ஓடியது என்று எண்ணி வைக்கிற இடம் சின்னது, இருநூற்றைம்பத்தைந்துக்கு மேல் அதில் கொள்ளாது. ஒரு வார்த்தையை மாற்றினால் இடம் பெரிதாகிவிடும். மாற்றியே அனுப்பினாள். “இதைச் சேத்து வெளியிட்டாப் போதுங்க, கும்பிடறேன்” என்று கீழே எழுதியிருந்தாள்.

நான்காம் விதி: எந்தத் திருத்தத்தையும் இரண்டு பேர் பார்த்த பிறகே சேர்.

சென்னியப்பன் பார்த்தான். தெய்வசிகாமணியும் பார்த்தான்.

“பாத்தாச்சா?”

“பாத்தாச்சுங்க அண்ணா.”

“என்ன பாத்தீங்க?”

“அந்தக்காவோட திருத்தத்தை.”

“அதுல என்ன இருக்குது?”

“அதைப் படிக்கச் சொல்லலையே அண்ணா, பாக்கத்தானே சொல்லியிருக்குது.”

மகுடபதிக்குத் திருப்தி. ஆனால் சேர்க்கப்போகிற நேரத்தில் சென்னியப்பன் ஐந்தாம் விதியைக் காட்டினான். ‘உன் திருத்தத்தால் எந்தப் பயனாளருக்கும் எதுவும் மாறக்கூடாது.’

மூவரும் சுவரோரம் போய் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்கள்.

“இதைச் சேத்தா அந்தக்காவுக்கு மாறிடுமே” என்றான் சென்னியப்பன். “நின்ன மோட்டார் ஓட ஆரம்பிச்சுடும்.”

“அது பெரிய மாத்தமாச்சே” என்று மகுடபதி கன்னத்தில் கை வைத்தார். “திருத்தவும் வேணும், மாறவும் கூடாது.”

மூன்று மணி நேரம் பேசினார்கள். இடையில் தேநீர் வந்தது. முடிவில் வசந்தாமணியின் திருத்தத்தை நன்றியோடு திருப்பி அனுப்பிவிட்டு, பழைய நிரலையே எடுத்து, புது எண் போட்டு, புதுப் பதிப்பாக வெளியிட்டார்கள். குறிப்பில் மகுடபதி தன் கைப்பட எழுதினார்: “பிழை திருத்தப்பட்டது. எதுவும் மாறவில்லை.”

ஆறாம் விதி என்ன தெரியுமா? பிழை மூடப்படும் வரை தினமும் ஒரு பதிப்பு வெளியிடு. வசந்தாமணி ஒப்புக்கொண்டால்தான் மூட முடியும். ஆகவே மறுநாளும் ஒன்று வெளியிட்டார்கள், எதுவும் மாறாமல். அதற்கு மறுநாளும் ஒன்று.

இப்போதுதான் வேடிக்கை. புதுப் பதிப்பு வந்திறங்கியதும் வசந்தாமணியின் பெட்டி நாழிகையை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓட்டியது. எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டு தடவைதான் ஓடும், அதற்குள் அடுத்த பதிப்பு வந்துவிடும். இருநூற்றைம்பத்தைந்தைத் தொட வழியே இல்லை. மோட்டார் ஜோராக ஓடியது.

கைப்பிடியை விட்டுவிட்டு அவள் உட்கார்ந்து யோசித்தாள். நடந்தது புரிந்ததும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

ஆனால் பத்தாம் நாள் மகுடபதியிடமிருந்து ஒரு வரி: “நாலு நாளாக உங்கள் கடிதம் இல்லையே, மோட்டார் ஓடுகிறதா? பிழையை மூடிவிடலாமா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. இவர்கள் நிறுத்தினால் பதினைந்தாம் நாள் வாக்கில் மோட்டாரும் நிற்கும். “ஐயோ மூடாதீங்க! பிழை அப்படியேதான் இருக்குது! ஒண்ணுமே மாறலை! தினமும் விடுங்க, ஒரு நாள்கூட விட்டுடாதீங்க!” என்று எழுதினாள்.

“ஒண்ணுமே மாறலையாம்!” என்று மகுடபதி அதை உரக்கப் படித்தார். மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. அவர்கள் வேலையை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட பயனாளர் அதுவரை கிடைத்ததில்லை.

பதினெட்டாம் நாள் முட்டைகளைப் பொரிப்புக் கூடைகளுக்கு மாற்றினாள். இருபத்தோராம் நாள் காலையில் பண்ணையே ‘கீச் கீச்’ என்றது. நாலாயிரத்தில் மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் குஞ்சு. அவள் வாழ்நாளில் அப்படி ஒரு பொரிப்பு கண்டதில்லை. வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பெருந்தன்மையாக இராசிபுரத்துக்கும் எழுதிப் போட்டாள்: “முடிஞ்சுதுங்க. மூடிக்கலாம். வந்து பாருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க.”

மூவரும் அடுத்த பேருந்தில் வந்து இறங்கினார்கள். வசந்தாமணி இலை போடச் சமையலறைக்குப் போனாள். அவர்கள் நேராகக் கூடைகளைப் பார்க்கப் போனார்கள்.

முதல் கூடையில் முட்டை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்த சென்னியப்பனுக்கு வியர்த்துவிட்டது.

“அண்ணா, முட்டை எதையும் காணோம்!”

“நாலாயிரமும் போச்சா?”

“ஓடு மட்டும் உடைஞ்சு கிடக்குது. அங்கங்க மஞ்சளா என்னமோ ஓடுது.”

மகுடபதி அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பயனாளரின் பொருளை அழித்துவிடுவதைவிடப் பெரிய பாவம் அவர் தொழிலில் கிடையாது. “பாவம் அந்தம்மா, நம்மை நம்பிச் சோறு வேற ஆக்கிக்கிட்டு இருக்குது. அவங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பழையபடி ஆக்கியாகணும்டா” என்றார்.

வேலை ஆரம்பமானது. சென்னியப்பன் ஓடுகளை அளவு பார்த்து ஜோடி சேர்த்தான். தெய்வசிகாமணி ஒரு குஞ்சைப் பிடித்து, பாதி ஓட்டில் உட்கார வைத்து, மறுபாதியால் மூடினான். அது தலையால் முட்டித் தள்ளியது. மறுபடி மூடினான். மறுபடி தள்ளியது.

இலைக்கு அழைக்க வந்த வசந்தாமணி வாசலிலேயே நின்றுவிட்டாள். “என்னங்க பண்றீங்க?”

மகுடபதி எழுந்து கையைக் கூப்பினார்.

“பதறாதீங்க அக்கா. ஓடெல்லாம் பத்திரமா இருக்குது. உள்ள இருந்ததுதான் கொஞ்சம் வெளிய வந்து ஓடுது. நீங்க சோத்தை மூடி வைங்க, சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் பிடிச்சு உள்ள அடைச்சுட்டு வந்துடறோம்.”