குடைக்காரன் சொன்ன தீர்ப்பு

கருங்கோட்டை மகாராஜாவின் முற்றத்தில் காலையிலிருந்து ஒரே கூச்சல். ஒரு சமயத்தை அதன் போதனையை வைத்து மதிப்பதா, அதைப் பின்பற்றுகிற ஆட்களை வைத்து மதிப்பதா என்று இரண்டு கட்சிப் பண்டிதர்களும் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டார்கள். முடிவுதான் வரவில்லை.

மகாராஜாவுக்குக் குடை பிடித்து நின்ற வீரணனுக்கு வெயிலில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. குடை சாய்ந்தது. மகாராஜாவின் மூக்கில் வெயில் சுள்ளென்று விழுந்தது.

"என்னடா, தூக்கமா? இந்த வழக்குக்கு நீயே தீர்ப்புச் சொல்லு. பிசகுச்சுன்னா உன் தலை இருக்காது!"

வாள்காரன் ஓரடி முன்னால் வந்தான். வீரணன் குடையை நிமிர்த்திப் பிடித்தான். எந்தக் கட்சிக்குப் பேசினாலும் மற்ற கட்சி பிசகு என்று குதிக்கும்.

"மகாராஜா, உங்க குடை நிழல்ல நாடே குளிர்ந்து கிடக்குதுன்னு புலவருங்க பாடுறாங்க. நான் தினமும் அந்தக் குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன்." வீரணன் குனிந்து காட்டினான். உச்சந்தலை கொப்புளித்துத் தோலுரிந்து கிடந்தது. "நாளைக்கு வெளியூர்க்காரன் ஒருத்தன் உங்க நிழல் எப்படின்னு கேட்டா, அந்தப் பாட்டைப் பாடட்டுமா, இந்தத் தலையைக் காட்டட்டுமா? நீங்க சொல்றதுதான் என் தீர்ப்பு."

வாள்காரன் மகாராஜாவைப் பார்த்தான். மகாராஜா சபையோரமாக நின்ற தன் புலவர்களைப் பார்த்தார். புலவர்கள் தரையைப் பார்த்தார்கள். வீரணன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

கடைசியில் மகாராஜா தொண்டையைச் செருமி, வாள்காரனைப் பின்னால் போகச் சொன்னார்.

"தப்பு பாட்டு மேலயும் இல்லை, என் மேலயும் இல்லை. குடையை இவ்வளவு சின்னதாச் செஞ்சவன் எவன்டா?"