மைதானத்துக்கு அனுமதி

அந்த நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றத்தில் செண்பகவல்லி நீதிபதியாக இருந்தார். அவருடைய சுருக்கெழுத்தர் மாசிலாமணி, அவரைவிடப் பத்து வயது மூத்தவர். செண்பகவல்லி வாதம் கேட்கும் விதத்தைப் பார்த்தே, ஐம்பது வயதுக்குமேல் மாலைநேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தவர். அவரைத் தன் குரு என்றுதான் வெளியில் சொல்வார்.

ஆற்றோரக் குடிசைகளை இடிக்கக் கூடாது என்று செண்பகவல்லி தீர்ப்பளித்ததிலிருந்து ஊரெங்கும் ஒரே சுவரொட்டி: ‘இந்த நீதிமன்றத்தைக் கலைத்துவிடு.’ கலைப்பதற்கான மசோதா அடுத்த வாரம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. அதற்குள் மசோதாவுக்கு ஆதரவாக மைதானத்தில் பெருங்கூட்டம் நடத்திக் காட்ட நினைத்தார் கட்சித் தலைவர் வீரபத்திரன். காவல்துறை அனுமதி மறுத்தது. அவர் வழக்குப் போட வேண்டியதாயிற்று, அதே நீதிமன்றத்தில்.

மாசிலாமணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “எங்கே வந்து நிற்கிறார் பாருங்கள், அம்மா!”

“மனுவை எடுங்கள், சார்.”

வழக்கு அழைக்கப்பட்டது.

“நான் விசாரிப்பதில் ஆட்சேபம் உண்டா?” என்றார் நீதிபதி.

“யார் விசாரித்தாலும் ஒன்றுதான்,” என்றார் வீரபத்திரன்.

“சரி. எத்தனை பேர் வருவார்கள்?”

“பத்தாயிரம்.”

“குடிதண்ணீர்?”

அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். “ஏற்பாடு செய்கிறோம்.”

“நாலு லாரியாவது வேண்டும். உருவ பொம்மை எரிப்பீர்களா?”

“எரிப்போம்.”

“யாருடையது?”

அவர் தொண்டையைச் செருமினார். “உங்களுடையதுதான்.”

“பந்தலிலிருந்து ஐம்பது அடி தள்ளி எரியுங்கள்.” காவல்துறை வழக்கறிஞர் பக்கம் திரும்பினார். “ஏன் மறுத்தீர்கள்?”

“இந்த நீதிமன்றத்தைக் கண்டபடி பேசுவார்கள், அம்மா.”

“போக்குவரத்துக்கு இடைஞ்சல் உண்டா?”

“இல்லை.”

“பிறகென்ன? அனுமதிக்கிறேன்.”

வீரபத்திரன் கும்பிடக் கையெடுத்தார். பாதியில் நிறுத்தி, துண்டைச் சரிசெய்துகொண்டார்.

அறைக்குத் திரும்பியதும் மாசிலாமணி கதவைச் சாத்தினார்.

“காவல்துறை சொன்னதையே காரணம் காட்டித் தள்ளுபடி செய்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.”

“இருக்கலாம்.”

“அவ்வளவு கூட்டத்தைப் பார்த்தால், தயங்குகிற உறுப்பினர்களும் கை தூக்கிவிடுவார்கள். நீதிமன்றமே போய்விடும், அம்மா.”

“போகலாம்.”

“தெரிந்துமா கொடுத்தீர்கள்?”

“மறுத்திருந்தால் இன்றைக்கே போயிருக்கும், சார். சீக்கிரம் தட்டச்சு செய்யுங்கள். மேடை கட்டுகிறவர்கள் உத்தரவு நகலுக்காக வெளியே காத்திருக்கிறார்கள்.”