பன்னிரண்டு கேட்ட டப்பா

ஒரு பஸ் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள்ளே சில டப்பாக்கள், அதாவது சின்னச் சின்ன நிரல்கள், குடியிருந்தன. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு வேலை. வாசலில் ஒரு மேஸ்திரி. உள்ளே வருகிற எல்லோரிடமும் அவர் கேட்பது இரண்டே கேள்விதான்.

"கட்டாயம் எவ்வளவு இடம் வேணும்? என்ன ஆனாலும் எவ்வளவைத் தாண்ட மாட்டே?"

கேட்ட இடத்தை வேறு யாரும் தொடாமல் ஒதுக்கி வைப்பார். சொன்ன அளவைத் தாண்டினால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். அந்த டப்பாக்களுக்கெல்லாம் சேர்த்துக் கம்பெனி கொடுத்த நினைவக இடம் பதினாறு ஜிபி. அதற்கு மேல் மேஸ்திரியின் அப்பனே வந்து நின்றாலும் கிடையாது.

பயணிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சேதி, இரண்டு ஜிபி வாங்கிக்கொண்டு முன்பே குடிவந்திருந்தாள். அடுத்து வந்தவன் டிக்கெட்டு. சீட்டுப் பதிவு செய்கிற டப்பா.

"பன்னிரண்டு ஜிபி!" என்று வாசலிலேயே கத்தினான்.

அவனுக்கு வேண்டியது நாலுதான். ஆனால் கேட்டதில் பாதியை அடிக்காத ஆளை அவன் பார்த்ததே இல்லை. ஆறுக்கு இறக்குவார், நாம் முறுக்கிக்கொண்டு நடையைக் கட்டுவோம், திரும்பக் கூப்பிடுவார் என்று கோபத்தைக்கூட முகத்தில் தயாராக வைத்திருந்தான்.

"சரி" என்றார் மேஸ்திரி. "தாண்டாத அளவு?"

"அதுவும் பன்னிரண்டு."

"சரி. உள்ளே போ."

டிக்கெட்டுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "என்ன மேஸ்திரி, பேரமே பேச மாட்டீங்களா?"

"பேசுறது என் வேலையில்லப்பா. ஒதுக்குறதுதான் என் வேலை."

உள்ளே போய்க் காலை நீட்டினான். நீட்டிய காலுக்குப் பிறகும் இடம் நீண்டுகொண்டே போனது.

"இதுல என்ன, பஸ்ஸையே கொண்டாந்து நிறுத்தப் போறியா?" என்றாள் சேதி.

"கேக்கத் தெரிஞ்சவன் கேட்டேன். உனக்கு ஏன்க்கா வயித்தெரிச்சல்?"

"நான் கேக்கத் தெரியாதவதான். முதல்ல கூச்சப்பட்டு அரை ஜிபின்னு சொல்லி, வெளிய விழுந்து விழுந்து எந்திரிச்சேன். அப்புறம்தான் தின்னுறது எவ்வளவுன்னு பார்த்து ரெண்டு கேட்டேன்."

"அதான் உன் சாமர்த்தியம் ரெண்டோட நிக்குது!"

தீபாவளி நெருங்கியது. முன்பதிவு திறந்த காலையில் ஊரே ஒரே நேரத்தில் சீட்டுக்குப் பாய்ந்தது. டிக்கெட்டுக்கு மூச்சு முட்டியது. முதுகுக்குப் பின்னால் எட்டு ஜிபி சும்மா கிடந்தது, கைதான் போதவில்லை. பணம் கட்டியவர்களுக்கும் சீட்டுப் போய்ச் சேரவில்லை.

"மேஸ்திரி! என்னை மாதிரி இன்னொருத்தனை அனுப்புங்க, செத்துருவேன்!"

வாசலில் ஒரு தம்பி வந்து நின்றான். அதே முகம், அதே அச்சு.

"எவ்வளவுப்பா வேணும்?" என்றார் மேஸ்திரி.

"பன்னிரண்டு!" என்றான் தம்பி, அதே முறுக்கோடு.

"மிச்சம் ரெண்டுதான் இருக்கு. நில்லு அங்கேயே."

"டேய், நாலுன்னு சொல்லுடா!" உள்ளேயிருந்து அலறினான் டிக்கெட்டு.

"உங்க வாய்தானே அண்ணே எனக்கும் வெச்சிருக்காங்க? அதுல நாலு வர மாட்டேங்குதே!"

"மேஸ்திரி, இங்க எட்டு காலியாக் கிடக்கு, கண்ணு தெரியலையா?"

"காலியா? அது உனக்காகப் பூட்டி வெச்சது. நீ கேட்டது."

"இப்ப வேண்டாங்கறேன்!"

"எங்கிட்ட அப்படி உக்காந்த இடத்துலேயே குறைக்கிற வழக்கம் இல்ல. நீ வெளிய போகணும். புது ஆளா வந்து புதுசாக் கேக்கணும். பழசு எதுவும் ஞாபகம் இருக்காது."

டிக்கெட்டு சேதியைப் பார்த்தான். அவள் முதல்முறையாகக் கிண்டல் பண்ணவில்லை. கம்ப்யூட்டருக்கு வெளியே, ஊரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரோ ஒருத்தி செல்போனில் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அச்சுலேயே நாலுன்னு எழுதிக்கோங்க, பன்னிரண்டுக்கு மூணு பேரா அனுப்புங்க" என்றான். "சீக்கிரம் தள்ளுங்க."

மேஸ்திரி அவனைத் தள்ளினார், வாசலில் நின்ற தம்பியையும் திருப்பி அனுப்பினார். கொஞ்ச நேரம் ஒரு சீட்டும் பதிவாகவில்லை.

பிறகு வாசலில் மூன்று பேர் வந்தார்கள். மூன்றும் ஒரே அச்சு. "நாலு", "நாலு", "நாலு" என்றார்கள். மேஸ்திரி "சரி, சரி, சரி" என்றார். சீட்டுகள் மளமளவென்று போயின. குழந்தைக்காரிக்கு ஜன்னலோரமே கிடைத்தது.

கூட்டம் ஓய்ந்ததும் மூவரில் மூத்தவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அக்கா, மூணு பேர் இருந்தும் இடிச்சுக்காம இருக்கோமே. முன்னால இங்க எத்தனை பேர் இருந்தாங்க?"

"ஒருத்தன்."

"ஒருத்தனா? இவ்வளவும் கேட்டு வாங்கினானா? எவன்க்கா அந்தப் பேராசை பிடிச்சவன்?"

சேதி அந்தப் பழைய முகத்தையே பார்த்தாள்.

"நல்ல பையன்தான்" என்றாள். "போறப்போ நாலுதான் கேட்டான்."